கோழி இறக்காத கிணறு

அரியாங்குப்பம்,
ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா ஸ்டெல்லாமேரிக்கு,

போன்ழூர். ஏற்காட்டு மடத்தில் எல்லாரும் சுகமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் சுமலதாவும் சாமி துணை இல்லாமலேயே நலம். இந்த வரியைப் படித்து உங்கள் மதர் முகம் சுளிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை, அவருக்குப் பொழுதுபோக்குத் தருவது என் வேலை.

எங்கள் மனிதநேயர் வட்டத்தின் கோடை நிகழ்ச்சிகள் நேற்றுத் தொடங்கின. தையல்கடை மாடியில் ஞாயிறுதோறும் மாலை நாலரைக்குக் கூட்டம். ராகு காலம் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம், தள்ளிவைப்பதற்கு அல்ல, ஆரம்பிப்பதற்கு. முதல் பேச்சு உடல் தானம் பற்றி. அடுத்த வாரம் கிரகணம். அதற்குப் பிறகு சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் தங்கள் கதையைச் சொல்கிறார்கள், எங்கள் கதையும் உண்டு. பிள்ளைகளுக்குச் சதுரங்கம், தெருநாடகம், நாக்கில் கற்பூரம் ஏற்றும் வித்தையின் ரகசியம்.

கடைசி நிகழ்ச்சிதான் பெரியது. ஜூன் 15 ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, எமகண்டம் தொடங்கும்போதே, முனி கிணற்றைத் தூர் வாரப்போகிறோம். நீ மடத்துக்குப் போன பிறகுதான் நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தோம், அதனால் உனக்குத் தெரியாது. இங்கே குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் இருக்கிற ஒரே கிணறு அது. ஆனால் அதில் ஆள் இறங்குவதற்கு முன் எங்கள் தெரு அஞ்சலாட்சி அம்மா ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி உள்ளே இறக்குவாள். ஒரு வெற்றிலை போட்டு முடித்ததும் மேலே தூக்குவாள். கோழி உயிரோடு வந்தால் முனி சம்மதம். செத்து வந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. இரண்டு வருஷமாக முனிக்குச் சம்மதம் இல்லையாம். சேறு மண்டி நாற்றமடிக்கிறது, தெருவே கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது.

இந்த வருஷம் கோழி கிடையாது. முதலில் இறங்கப்போவது யார் தெரியுமா? அஞ்சலாட்சியின் மூத்த மகன் அன்பழகன். தட்டாஞ்சாவடியில் என் பட்டறையில் லேத் ஓட்டுகிறான், இப்போது எங்கள் வட்டத்தில் சேர்ந்துவிட்டான். தங்கமான பிள்ளை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
லூர்துபிரகாஷ்

•

ஏற்காடு,
ஏப்ரல் 22

அன்புத் தம்பி பிரகாசுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடும் சுமலதாவோடும் இருப்பதாக. நீ வேண்டாமென்றாலும் இருக்கட்டும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை, அதனால்தான் தாமதம். முழங்கால் மண்டியிடும்போது மட்டும் வலிக்கிறது. எங்கள் வாழ்க்கையில் அது பாதி நாள்.

மதர் சிரித்தார். சிரித்ததை உனக்கு எழுதக் கூடாது என்றார்.

உன் பேச்சுகளெல்லாம் நன்றாக இருக்கும் போலிருக்கிறது. உடல் தானத்தை நானும் ஏற்றுக்கொள்வேன். கிணற்று விஷயம்தான் மனதுக்கு ஒப்பவில்லை. அந்த அம்மாவின் பிள்ளையைக் கொண்டே அந்த அம்மாவைத் தோற்கடிக்க வேண்டுமா? தூர் வார வேண்டுமானால் வாருங்கள். அதற்கு எமகண்டம் எதற்கு?

மே 29 முதல் ஜூன் 8 வரை மீண்டும் எங்களுக்கு மௌனம். அந்த நாட்களில் வரும் கடிதங்கள் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். எழுதுவதானால் அதற்கு முன் எழுது. வெயிலில் தொப்பி போடாமல் சைக்கிளில் சுற்றாதே.

உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அக்கா

•

அரியாங்குப்பம்,
ஏப்ரல் 28

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். தொப்பி வாங்கிவிட்டேன்.

நேற்று எங்கள் கூட்டத்தில் நடந்ததைக் கேள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேடைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருப்போம். நாங்கள் சொல்வதை ஏற்காத யாரும் வந்து உட்கார்ந்து பேசலாம். யாரும் குறுக்கே பேசக் கூடாது, முதல் டீயும் அவருக்குத்தான். நேற்று அதில் வந்து உட்கார்ந்தது அஞ்சலாட்சி அம்மா.

டீயைத் தொடவில்லை. தன் மாமியார் காலத்திலிருந்து கோழி இறக்குவதாகவும், கோழி செத்தபோது வீம்புக்கு இறங்கிய ஒருவன் திரும்பி ஏறவில்லை என்றும் சொன்னாள். உச்சி வெயில் நேரத்தில் முனி மூச்சு விடுவானாம், அப்போது கிணற்றடியில் நிற்கவே கூடாதாம். நான் மரியாதையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மகனைப் பார்த்து, "நீ எதை வேணா நம்பு, நம்பாத போ. கோழிய மட்டும் எறக்கிட்டுப் போடா" என்றாள்.

அன்பழகன் எழுந்து, ஓர் உயிரைக் கொன்றுதான் ஒரு சாமியைக் கேட்க வேண்டுமென்றால் அந்தச் சாமி எனக்கு வேண்டாம் என்றான். மாடி முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். அஞ்சலாட்சி இறங்கிப் போய்விட்டாள்.

கோழி ஏன் சாகிறது என்று நீ கேட்பாய். பயத்தில் சாகிறது அக்கா. இருட்டுக் கிணற்றில் கூடையில் தொங்கவிட்டால் எந்தப் பறவைக்கும் நெஞ்சு நின்றுவிடும். இதற்கு முனி எதற்கு?

உன் தம்பி,
பிரகாஷ்

•

அரியாங்குப்பம்,
மே 6

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் அறிய ஆவல். நான் உங்களுக்கு இதுவரை தனியாக எழுதியதில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

அண்ணி, எனக்கு முனி மேல் நம்பிக்கை இல்லை. எங்கள் கல்யாணத்தில் தாலி கூட இல்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்டவள் நான். ஆனாலும் அந்தக் கிணறு எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் மத்தியானம் சேறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எட்டிக் குனிந்தேன். காற்றே இல்லை, முட்டை அழுகிய வாடை. தலை சுற்றிக் கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரஷராக இருக்குமோ என்று கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சுவர் இடுக்கில் கூடு கட்டியிருந்த புறாக்களும் இப்போது இல்லை.

இதை அவரிடம் சொன்னால், நீயுமா பயப்படுகிறாய் என்று கூட்டத்தில் வைத்துச் சிரிப்பார். சிரிப்பதை என்னால் தாங்க முடியாது என்று இல்லை. ஆனால் சொல்லவில்லை. நீங்கள் பெரியவர்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கள்,
சுமலதா

•

ஏற்காடு,
மே 13

அன்புத் தம்பி பிரகாசுக்கு,

இறைவன் அருளால் நலம். உங்கள் இருவர் நலமும் என் செபத்தில் இருக்கிறது.

உன்னிடம் இதுவரை எதையும் பிடிவாதமாகக் கேட்டதில்லை. நீ கோயிலை விட்டபோது கூட அழுதேனே தவிர தடுக்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த அம்மாவின் கோழியை இறக்கவிடு. உனக்கு அதில் ஒன்றும் குறையாது. நீ நம்பித்தான் செய்ய வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை தலைமுறையாக ஒரு காரியத்தை விடாமல் செய்கிறார்கள் என்றால் அதில் ஏதோ காரணம் இருக்கலாம், அவர்களுக்கே தெரியாத காரணம்.

என்னவென்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா

•

அரியாங்குப்பம்,
மே 26

அன்பு அக்காவுக்கு,

நலமே. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாவது முறை சிரிப்பு வந்தது. கன்னிகாஸ்திரீ முனிக்குச் சிபாரிசு செய்வதை நம் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

காரணம் இருக்கலாம் என்கிறாய். பழசு எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கலாம் என்று விட்டிருந்தால் விதவைகள் இன்றைக்கும் மூலையில்தான் இருந்திருப்பார்கள். ஒரு கோழிக்கு இடம் கொடுத்தால் அடுத்த வருஷம் கிடா கேட்பார்கள். நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஒரு மாற்றம் மட்டும். பள்ளிக்கூடம் நாங்கள் நினைத்ததற்கு முன்னாலேயே திறக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்பதுதானே எங்கள் நோக்கம். அதனால் ஜூன் 15 இல்லை, வருகிற ஞாயிறு, ஜூன் 1. பிள்ளைகள் மஞ்சள் காகிதத்தில் தாங்களே நோட்டீஸ் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், 'எமனும் வரலாம், டீ உண்டு' என்று.

அஞ்சலாட்சி அம்மா இப்போது மகனோடு பேசுவதில்லை. அது கொஞ்சம் சங்கடம்தான். முடிந்ததும் சரியாகிவிடும். முதல் குடம் தண்ணீரை அவள் வீட்டு வாசலில் நானே கொண்டுபோய் வைப்பேன்.

மௌனத்தில் எனக்காகவும் கொஞ்சம் பேசாமல் இரு.

பிரகாஷ்

•

ஏற்காடு,
மே 28

அன்புத் தம்பி பிரகாஷ்,

நலம் விசாரிக்கப் பிறகு எழுதுகிறேன். நாளை மௌனம் தொடங்குகிறது, இது இன்றைய கடைசித் தபாலில் போக வேண்டும்.

நேற்று எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஆள் இறங்குவதாக இருந்தது. இங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முன் மந்திரித்த மெழுகுவர்த்தியை வாளியில் ஏற்றிவைத்து, அந்தோனியாரை வேண்டிக்கொண்டு உள்ளே விடுவோம். அது பக்தி என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நேற்று மெழுகுவர்த்தி பாதியிலேயே அணைந்தது. மறுபடி ஏற்றி விட்டோம், மறுபடி அணைந்தது. அந்தோனியாருக்கு இன்று மனமில்லை என்று மதர் வேலையை நிறுத்திவிட்டார்.

மாலையில் எங்களைப் பார்க்க வந்த டாக்டர் வசந்தாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இது. அடியில் சேறு அழுகினால் அதிலிருந்து கெட்ட காற்று வரும். மூச்சுவிடும் காற்று அங்கே இருக்காது. வெயில் ஏறி, காற்று அசையாத உச்சி நேரத்தில் இன்னும் மோசம். இறங்குகிறவன் கத்தக்கூட மாட்டான், இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான்.

பிரகாஷ், உங்கள் கோழி பயத்தில் சாகவில்லை. எங்கள் மெழுகுவர்த்தி எதனால் அணைந்ததோ அதனால் சாகிறது. கோழியையும் மெழுகுவர்த்தியையும் கூட முழுக்க நம்பக் கூடாதாம். ஆளையே இறக்காதே. மோட்டார் வை, தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேள். சுமலதாவுக்கு அந்தக் கிணற்றடியில் தலை சுற்றியிருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாமென்றாள், இப்போது சொல்கிறேன்.

மதரிடம் போன் கேட்கலாமா என்று நினைத்தேன். போனில் நீ கிண்டல் செய்து வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டு முறை படிப்பாய். ஜூன் 15க்கு இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா

•

ஏற்காடு,
ஜூன் 9

பிரகாஷ்,

இன்று காலை மௌனம் முடிந்தது, பெட்டியைத் திறந்தார்கள். உன் மே 26 கடிதம் இருந்தது. ஜூன் 1 என்று எழுதியிருக்கிறாய்.

என் கடிதம் அதற்கு முன் வந்ததா? வேறு கடிதம் எதுவும் பெட்டியில் இல்லை. மதரிடம் போன் கேட்டு வாங்கி உன் எண்ணுக்கு மூன்று முறை போட்டேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. நீ சுகமா? சுமலதா சுகமா? என்னைக் கேலி செய்தாவது ஒரு வரி எழுது.

அக்கா

•

அரியாங்குப்பம்,
ஜூன் 14

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி இல்லை, அண்ணி. ஜூன் 1ஆம் தேதியே போய்விட்டார்.

முதலில் அன்பழகன் இறங்கினான். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் போனதும் அவன் கை ஏணியை விட்டுவிட்டது. சத்தமே போடவில்லை. வழுக்கிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இவர் இறங்கினார். நான் சட்டையைப் பிடித்தேன். "விடு, புள்ள தண்ணியில கெடக்குறான்" என்றார். அவ்வளவுதான் பேசினார். மூன்றாவதாக இறங்கப் போனவர்களை நான்தான் கட்டிப் பிடித்து நிறுத்தினேன். தீயணைப்பு ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு இருவரையும் எடுத்தார்கள்.

அன்று மாலையே மடத்துக்குப் போன் செய்தேன். எல்லாரும் மௌனத்தில் இருக்கிறார்கள், அவசரமா என்று ஒரு சகோதரி கேட்டார். இனி என்ன அவசரம்? இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அவர் பெயருக்கு வந்ததை நான் பிரித்தேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதக் கை வரவில்லை.

விஷவாயு என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார். பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. தெருவில் யாரும் மறுக்கவில்லை. அந்த விஷ மூச்சை விட்டது முனி என்கிறார்கள், கோழி தராத கோபமாம். வட்டத்தார் விபத்து என்று மட்டும் சொல்லச் சொல்கிறார்கள். கோழி பற்றி வாயைத் திறந்தால் முனிக்காரர்கள் ஜெயித்துவிடுவார்களாம்.

அஞ்சலாட்சி அம்மா தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். "முனி நம்ம ரெண்டு வூட்டையும் எடுத்துட்டான்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வேறு யாரும் இந்த வீட்டுக்கு வருவதில்லை. தன் பிள்ளையை அடக்கி வைக்காதது தன் குற்றம் என்கிறாள். அவரை அவள் ஒரு சொல் குறை சொல்லவில்லை, அண்ணி.

இப்போது ஜூன் 29 ஞாயிறு முனிக்குக் கிடா வெட்டப்போகிறார்கள். உயிர் வாங்கிய முனிக்குக் கோழி போதாதாம். கிடா வெட்டிவிட்டால் சம்மதம் கேட்க வேண்டியதே இல்லையாம், அன்றைக்கே இறங்கித் தூர் வாரலாமாம். போலீஸ் கட்டிய நாடா எப்போதோ அறுந்துவிட்டது. முதலில் இறங்கப்போவது அன்பழகனின் தம்பி வெற்றிச்செல்வன். அண்ணன் விட்ட வேலையாம்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை நான் அவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் முனி மேல் இருக்கிற பழி அவர் மேல் வரும். கோழியை நிறுத்தியது அவர்தானே. அஞ்சலாட்சி அம்மாவும் அதற்குப் பிறகு வரமாட்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

சுமலதா

•

ஏற்காடு,
ஜூன் 19

அன்புள்ள சுமலதா,

உன் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைக் கோயிலில் உட்கார்ந்துதான் படித்தேன். செபம் வரவில்லை. அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன், பிறகு என்னை, பிறகு ஆண்டவரையும். மதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை.

அரியாங்குப்பம் போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மதர் போன் செய்தார். பார்க்கிறோம் என்றார்களாம். அதை நம்பி நீ இருக்காதே.

போய்ச் சொல். என் தம்பி முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவன் பெயரைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளை கிணற்றில் விழ வேண்டாம். அவன் இருந்திருந்தால் தானே போய் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

அண்ணி

•

அரியாங்குப்பம்,
ஜூன் 30

அண்ணிக்கு,

உங்கள் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் இருக்கிறேன்.

நேற்றுக் காலையே கிணற்றடிக்குப் போனேன். தெருவே கூடியிருந்தது. போலீஸ் யாரும் வரவில்லை. வட்டத்திலிருந்தும் ஒருவரும் இல்லை. கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிச்செல்வன் இடுப்பில் கயிறு கட்டி நின்றான்.

அஞ்சலாட்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முனிக்குக் கோபம் எதுவும் இல்லை, உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை, அதைத்தான் உங்கள் கோழி இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது, கிடா வெட்டினால் காற்று வந்துவிடாது என்றேன். கோழியை நிறுத்தச் சொன்னது என் வீட்டுக்காரர், உங்கள் பேரில் குற்றம் எதுவும் இல்லை என்றேன். எனக்கே அங்கே தலை சுற்றியதையும், அதை நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பூசாரி குறுக்கே ஏதோ பேச வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"அப்போ எம் புள்ளைய எடுத்தது முனி இல்ல. உன் புருஷன்தானா?"

"ஆமாம்மா" என்றேன்.

ஓங்கி அறைந்தாள். கீழே விழுந்துவிட்டேன். யாரும் தூக்கவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய், வெற்றிச்செல்வன் இடுப்பில் இருந்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். "வூட்டுக்கு நட" என்றாள் அவனிடம். அவன் நடந்தான்.

யாரும் இறங்கவில்லை, அண்ணி. இன்று கஞ்சி வரவில்லை. நானே உலை வைத்திருக்கிறேன்.

தங்கள்,
சுமலதா